அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள்

புது நாட்டுக்கு வந்ததும் முதலில் கைவிட்டுப் போவது பழக்கம்தான். ஊரில் கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்த காரியங்களை எல்லாம் இங்கே யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. சாலையைக் கடக்கும்போது முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது, எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு, 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்பவருக்கு நிஜமாகவே பதில் சொல்ல வேண்டுமா? கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார்கள். எனக்கு ஆட்டிசமும், கவனத்தை நிறுத்தவும் வேலையைத் தொடங்கவும் சிரமப்படுத்தும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருப்பதால் பழகுவதே ஒரு முழுநேர வேலை.

ஒருவருக்கே இரண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மனநல மருத்துவர்கள் பார்த்து நோயறியும் டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-ல் வரும்வரை, ஆட்டிசம் இருப்பவருக்கு ஏடிஹெச்டியும் இருப்பதாக எழுத அந்தக் கையேட்டில் இடமில்லை. அதற்குள் எங்களில் பலருக்குச் சோம்பேறி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

துணி துவைப்பதையே எடுத்துக்கொள்வோம். மெஷின்தானே துவைக்கிறது, இதில் என்ன கஷ்டம்? கட்டடத்துக்கே பொதுவான சலவை அறை. நம் பெயருக்கு எழுதி வைத்த நேரத்தில் கீழே போய்விட வேண்டும். படியில் யாராவது எதிர்ப்பட்டால் சிரிக்க வேண்டும். பட்டன்களில் இருப்பதோ புது மொழி. மெஷின்களின் இரைச்சல், சோப்பு நெடி, டியூப்லைட் வெளிச்சம் மூன்றும் ஒரே நேரத்தில் மேலே வந்து விழும். அப்புறம், ஓடி முடிந்ததை எடுக்க ஞாபகம் வர வேண்டும். கண்ணில் படாத பொருள் எனக்கு இல்லாத பொருள்தான். மறந்தால் ஈர வாடை, திரும்பவும் முதலிலிருந்து. மடித்து வைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். துவைத்தது ஒரு கூடை, அழுக்கு இன்னொரு கூடை. சட்டை கசங்கியிருந்ததால் இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஒரு வேலை சின்னதா பெரியதா என்பதை அதற்குள் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று பார்த்துத்தான் இப்போது சொல்கிறேன். அந்தக் கணக்கில் துணி துவைத்த நாள் வேலை பார்த்த நாள்தான். உடலைச் சோர்ந்துபோக வைக்கும் லூபஸ் நோயோடு வாழ்ந்த கிறிஸ்டின் மிசராண்டினோ 2003-ல் ஸ்பூன் கணக்கு ஒன்று சொன்னார்: ஸ்பூன் என்றால் உடம்பில் இருக்கும் தெம்பு; ஒரு நாளைக்குக் கையில் இத்தனை ஸ்பூன்தான், ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றிரண்டு போய்விடும். நல்ல கணக்குதான். என்ன, என் கையில் எத்தனை இருக்கின்றன என்று காலையில் எனக்கே தெரியாது. அதனால் வேலையையே துண்டு போட்டுக்கொள்கிறேன். அரசாங்கக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது ஒரு நாள் வேலை; கெடு தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுவதும் அதில் சேர்த்தி. பதில் எழுதுவது வேறொரு நாள்.

பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே வேலை நகரும் என்பது ஏடிஹெச்டிக்காரர்களுக்குத் தெரியும்; பாடி டபுளிங் என்பார்கள். எனக்கு அந்த ஒருவர், வீடியோ காலில் அம்மா. போனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன், அவர் தன் வேலையைப் பார்ப்பார். "இன்னைக்கு என்னடி பண்ணே?" என்பார். முன்பெல்லாம் "ஒண்ணுமில்லம்மா" என்பேன். இப்போது "துணி துவைச்சேன், லெட்டர் பிரிச்சேன்" என்கிறேன். "அவ்வளவுதானா?" என்று ஆரம்பத்தில் கேட்டவர்தான், போன வாரம் தானாகவே சொன்னார்: "பேங்க் ஃபாரம் ஒண்ணு மேஜையிலேயே கிடக்குடி. எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை. எடுக்கத்தான் வரமாட்டேங்குது."

ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அதை அவரிடம் சொல்லவில்லை. "போனை வைக்காதம்மா. நீ எழுது, நான் கழுவுறேன்" என்றேன்.