"வேலைய விட்டுடவாக்கா?"

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்தான். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் கையில் காசில்லை என்று அர்த்தம், ஆனால் இந்தத் தடவை காசு அதிகமாக வருகிறதே என்று புலம்பல். "வேலைய விட்டுடவாக்கா? நிறைய சம்பாதிச்சா காலேஜ்ல படிப்புக்குக் குடுக்கற எய்ட் பணமெல்லாம் போயிடும்னு அப்பா சொல்றார்." அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே அமெரிக்காவில் கோயில் பார்க்கிங்கில் நாலு பெற்றோர் சேர்ந்தால் பேச்சு இப்படித்தான் ஓடும்.

சரி, கணக்குக்கு வருவோம். எய்ட் கேட்டு வருடா வருடம் அரசாங்கத்துக்கு நிரப்பும் ஃபாஃப்ஸா படிவம் மாணவனின் சம்பளத்தை முதல் டாலரிலிருந்தே பிடித்துக்கொள்வதில்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவனுக்கு 2025-26 கல்வியாண்டில் 11,510 டாலர் வரை விலக்கு, அது தவிர அவன் கட்டிய வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கேர் பிடித்தமும் கழியும். அதெல்லாம் போக மிஞ்சுவதில் பாதிதான், எய்ட் எவ்வளவு தேவை என்று பார்க்கப் போடும் எஸ்.ஏ.ஐ. என்ற எண்ணில் ஏறுகிறது, அது ஏற ஏற எய்ட் குறையும். 14,000 டாலர் சம்பாதித்தால் சுமார் 700 ஏறும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் வாங்குகிறவன் என்றால் அந்த 700 கிராண்டிலிருந்து குறையலாம். அதற்காக வேலையையே விடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

எய்டின் பாகமாக, பெரும்பாலும் காலேஜுக்குள்ளேயே கிடைக்கும் வொர்க்-ஸ்டடி வேலை என்றால் இந்தக் கவலையே வேண்டாம், அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதைத் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வந்த கடிதத்தில் வொர்க்-ஸ்டடி 2,500 டாலர் என்று போட்டிருந்ததை அப்பா ஃபீஸிலிருந்து கழித்து வைத்திருந்தார், பில் வந்ததும் காலேஜ் ஏமாற்றிவிட்டது என்று ஒரே சத்தம். லைப்ரரி கவுண்டரில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புத்தகங்களை ஸ்கேன் செய்தால்தான் அந்தப் பணம் இரண்டு வாரத்துக்கொரு முறை சம்பளமாக வரும். உட்காராத மணி நேரத்துக்கு ஒரு காசும் கிடையாது.

தம்பி விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், அவன் பயமே காலாவதியான பயம். ஃபாஃப்ஸா பார்ப்பது இரண்டு வருடப் பழைய வருமானத்தை, 2026-27க்கு 2024ஆம் வருட வரிக் கணக்கு. அவன் 2024 ஆகஸ்டில் சேர்ந்தான். நாலு வருடத்தில் முடித்தால் கடைசியாக நிரப்புவது 2027-28 படிவம், அது 2025 வருமானத்தோடு நின்றுவிடும். 2026 ஜனவரியிலிருந்து வாங்குகிற சம்பளம் இந்தப் பட்டப்படிப்புக்கான ஃபாஃப்ஸாவுக்கு வருமானமாக வரவே வராது. (சில தனியார் காலேஜ்கள் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்று தனியாக ஒரு படிவம் கேட்கும், அவர்கள் கணக்கே வேறு.)

வருமானமாகத்தான் வராது. செலவழிக்காமல் பேங்கில் போட்டு வைத்தால் சேமிப்பாக வந்து நிற்கும், நான் சூடுபட்டது அங்கேதான். கோடை முழுக்க உழைத்த 6,000 டாலர் என் பேரில் கிடந்தது. அக்டோபர் ஒன்றாம் தேதி படிவம் திறந்ததும் முந்திரிக்கொட்டை மாதிரி அன்றைக்கே நிரப்பி அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிற அன்று கணக்கில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்ட வேண்டும், மாணவன் பேரில் உள்ள சேமிப்பில் 20 சதவீதத்தை எஸ்.ஏ.ஐ.யில் ஏற்றிவிடுவார்கள். 1,200 டாலர்! இத்தனைக்கும் அதில் 4,000 அடுத்த வாரமே ஃபீஸ் தவணைக்குப் போக வேண்டிய பணம். தவணையைக் கட்டிவிட்டு மறுநாள் நிரப்பியிருந்தால் 400தான் ஆகியிருக்கும். அப்பா அம்மா பேரில் இருக்கும் சேமிப்புக்கு அதிகபட்சமே 5.64 சதவீதம்தான் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நேரில் பார்த்த வரையில், வேலைக்குப் போய் எய்டை மொத்தமாக இழந்தவள் என் ரூம்மேட் ஒருத்திதான், அதுவும் சம்பளத்தால் இல்லை. வாரத்துக்கு முப்பது மணி நேரம் ரெஸ்டாரண்டில் தட்டு தூக்கினாள், காலை வகுப்புக்கு எழுந்திருக்க முடியவில்லை, ஒவ்வொரு செமஸ்டரிலும் இரண்டு பாடங்களைப் பாதியில் விட்டாள். எடுத்த 30 கிரெடிட்டில் முடித்தது 18. எய்ட் தொடர வேண்டுமானால் எடுத்ததில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான காலேஜ்களில் விதி. முதலில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேஜையில் வைத்திருந்தாள். அடுத்த செமஸ்டர் எய்டை நிறுத்திவிட்டார்கள், கடன் உட்பட.

அதனால் தம்பியிடம் சம்பளத்தைப் பற்றி நான் மேற்கொண்டு பேசவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறாய் என்று கேட்டேன். இருபத்தாறு என்றான். இந்த செமஸ்டர் எதையாவது டிராப் பண்ணினாயா என்றேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். அப்புறம் மெதுவாக, "கால்குலஸ் மட்டும்க்கா" என்றான்.