அகேசியா நாற்றும் இலைக் கணக்கும்

சாலையோரம் நிற்கும் அகேசியா ஆரிகுலிபார்மிஸ் மரத்தில் இலை என்று நாம் பார்ப்பது இலையே இல்லை, தட்டையாகிப்போன காம்பு. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் படித்ததுதான். நாற்றில் மட்டும் நிஜ இலை வரும், பிறகு காம்பு அதன் இடத்தைப் பிடிக்கும். ஆனால் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது.

காது மடல் போலச் சுருண்டு கிடந்த காய்களிலிருந்து பத்து விதை எடுத்து அப்படியே ஊன்றினேன். மூன்று வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. விதைத்தோல் அவ்வளவு கெட்டி. தோண்டி எடுத்து, சுடுதண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்துத் திரும்பப் போட்டேன். ஆறு வந்தன.

முதல் இலையைப் பார்த்தால் தொட்டாச்சிணுங்கி என்றே நினைப்பீர்கள். அடுத்தடுத்தவை இரட்டைச் சிறகாகப் பிரிந்தன. அப்புறம் வந்ததுதான் வேடிக்கை: காம்பு பட்டையாக விரிந்து, நுனியில் மட்டும் கொஞ்சம் சிற்றிலைகள். அதற்கு மேலே சிற்றிலையே இல்லாத, அரிவாள் போல வளைந்த வெறும் காம்பு.

இதை நடத்துவது மைக்ரோ ஆர்என்ஏ 156 என்ற, மரபணுக்களை அடக்கும் குட்டி மூலக்கூறு. இருபது, இருபத்தோரு எழுத்து நீளம்தான். வளர்ந்த செடியின் தன்மைகளைக் கொண்டுவரும் எஸ்பிஎல் மரபணுக்களின் தூது ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்ய அவை அனுப்பும் நகலை, அது தேடிப் பிடித்து வெட்டவைக்கிறது. நாற்றில் இது நிறைய இருக்கும். வயதாக ஆகக் குறையும். குறைந்தால் எஸ்பிஎல் தலைதூக்கி, பெரிய மரத்து இலை வரும். வேறு இரண்டு அகேசியா இனங்களில் இதை ஸ்காட் பெத்திக் என்ற தாவரவியலாளரின் குழுவினர் 2011-இல் காட்டினார்கள். இலை தயாரிக்கும் சர்க்கரைதான் இந்த 156-ஐக் குறைக்கிறது என்று 2013-இல் அராபிடாப்சிஸ் என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியில் தெரியவந்தது.

அப்படியானால் வெயில் குறைந்தால் சர்க்கரையும் குறையும், குழந்தைப் பருவம் நீளவேண்டும் அல்லவா? மூன்று தொட்டியை மொட்டைமாடி வெயிலிலும் மூன்றைத் தண்ணீர்த் தொட்டி நிழலிலும் வைத்தேன். நாளைக் கணக்கு வைக்கவில்லை, எத்தனையாவது இலை என்று எண்ணினேன். நிழலில் எல்லாமே மெதுவாக வளரும், நாள் கணக்கு ஏமாற்றிவிடும்.

வெயிலில் ஆறாவது, ஏழாவது இலையிலேயே காம்பு பட்டையானது. நிழலில் ஒன்று தண்டழுகிச் செத்தது, என் தண்ணீர்க் கைதான் காரணம். மற்ற இரண்டும் பத்தாவது இலையிலும் சிறகோடுதான் நின்றன. ஆர்என்ஏவை அளக்க என்னிடம் வழியில்லை, ஆக இது நிரூபணம் ஆகாது. ஆறு தொட்டியும் மிகக் குறைவு.

போன வாரம் நிழல் தொட்டி ஒன்றை வெயிலுக்கு நகர்த்தினேன். மொட்டில் ஏற்கெனவே உருவாகியிருந்த இலை பழையபடியே விரிந்தது. அடுத்ததன் காம்பு லேசாக அகலம் மாதிரித் தெரிகிறது. இன்னொன்றையும் நகர்த்தக் கை துறுதுறுக்கிறது, ஆனால் அப்புறம் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.