பதினேழாம் அத்தியாயத்து நிலா

நவம்பர் 10, திங்கள்

நாவலை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது, கதை எங்கே தன்னோடு முரண்படுகிறது என்று பிடிக்க. கணக்கு நோட்டில் ஐந்து கட்டம் போட்டாயிற்று: அத்தியாயம், நாளும் திதியும், யார் எங்கே, கையில் என்ன பொருள், யாருக்கு என்ன தெரியும். கடைசிக் கட்டம்தான் உயிர். வயது, ஊர், உடையெல்லாம் பிழை திருத்துபவர் கண்ணில் பட்டுவிடும். ஒரு பாத்திரம் தன்னிடம் இன்னும் யாரும் சொல்லாத செய்தியைப் பேசிவிட்டால் சட்டென்று யாரும் கவனிக்க மாட்டார்கள். படிக்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும் அல்லவா.

பக்க எண்ணை மட்டும் நம்பிக் குறிக்கக் கூடாது. பதிப்பு மாறினால் பக்கமும் மாறிவிடும். அத்தியாய எண், பத்தியின் முதல் இரண்டு சொற்கள், அவ்வளவு போதும்.

நவம்பர் 12, புதன்

எட்டாம் அத்தியாயம் வரை முடிந்தது.

நவம்பர் 15, சனி

சாவிக்கொத்து. பதினாலாம் அத்தியாயத்தில், திருவொற்றியூர் கோயிலிலிருந்து திரும்பிய இரவு, மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மருமகள் கையில் வைக்கிறாள். கதையே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. பதினேழில் அதே கொத்து மாமியார் இடுப்பில். அரிசி அறையைத் திறந்து படி அளக்கிறாள், மருமகள் வாசலில் நின்று பார்க்கிறாள். நடுவில் திரும்ப வாங்கியதாக ஏதாவது உண்டா என்று பதினைந்து, பதினாறு இரண்டையும் வரிவரியாகப் பார்த்தாயிற்று. இல்லை. இரண்டாவது கொத்து இருக்கலாமா? இரண்டாம் அத்தியாயமே வீட்டுக்கு ஒரே கொத்துதான் என்று அழுத்திச் சொல்கிறது.

அவசரப்பட்டுப் பிழை என்று எழுதிவிடக் கூடாது. டேனியல் டிஃபோவின் நாவலில் ராபின்சன் குருசோ துணியைக் கழற்றிவிட்டுக் கடலில் நீந்திக் கப்பலேறி, பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறான். அது வந்த 1719இலேயே இதைப் பிடித்துக் கேலி செய்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தால், முழங்கால்வரையுள்ள கால்சட்டையோடுதான் நீந்தினேன் என்று அவனே சொல்கிறான். கடைசி அத்தியாயம் முடியும்வரை சாவிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி மட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

பிழை யாருடையது என்பதைப் பிரித்துவிட வேண்டும். பழைய பிரதியானால் முதலில் பக்க எண் வரிசையாக ஓடுகிறதா என்று பார்ப்பது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பைண்டிங்கில் ஒன்று விட்டுப்போனால் 112க்கு அடுத்து 129 வரும், அங்கே கதையும் தாவும். அது ஆசிரியர் தலையில் விழக் கூடாது. அடுத்தது கண் தாவல்: ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகள் அருகருகே இருந்தால், அச்சுக் கோப்பவர் முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்குப் போய்விடுவார், நடுவிலிருந்தது காணாமல் போகும். ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய புதுப் பதிப்புகளில் ரகரமும் துணைக்காலும் இடம் மாறும், 3 என்பது 8 ஆகும். வயதில் ஐந்து வருஷம் கூடிவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதல் பதிப்புக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குத்தான் போக வேண்டும். நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி 1955 முதல் அங்கே போய்ச் சேருகிறது. நாவல் அதற்குப் பிந்தியது.

நவம்பர் 19, புதன்

ஆறாம் அத்தியாயம். மூத்தவன் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, ஜன்னல் வழியாக ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைப் பார்க்கிறான். சென்ட்ரலிலிருந்து கிளம்பும் வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும். ராயபுரம் கடற்கரை ஸ்டேஷன் பாதையில் இருக்கிறது. ஆனால் இது ஊர்ப் பிழை. கதை தன்னோடு முரண்படவில்லை. வேறு பக்கத்தில் எழுதியாயிற்று.

சாவி?

நவம்பர் 22, சனி

மூன்றாம் பிறை. ஐந்தாம் அத்தியாயத்தில் காசிமேட்டில் சாயங்காலம் கடலுக்கு மேலே பிறை தெரிகிறது. நமக்குக் கடல் கிழக்கே. வளர்பிறைக் கீற்று பொழுது சாய்ந்தபின் மேற்கே, வீடுகளின் பக்கம் தெரிந்து, சீக்கிரமே இறங்கிவிடும். கடலுக்கு மேல் பிறை வேண்டுமென்றால் தேய்பிறையில், விடியற்காலை எழுந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 24, திங்கள்

தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் நடுவே நாவலில் இரண்டு வாரம்தான். இதைப் பிழைப் பட்டியலில் சேர்க்க முடியாது. 2023இல் தீபாவளி நவம்பர் 12, தீபம் 26. 2024இல் அக்டோபர் 31, டிசம்பர் 13. தீபாவளி பிந்தி வந்தால் அடுத்த பௌர்ணமியே கார்த்திகை மாதத்துக்குள் விழும். முந்தி வந்தால் இன்னொரு பௌர்ணமிவரை காத்திருக்க வேண்டும். ஆக நாவலின் வருஷம் தீபாவளி பிந்திய வருஷம். ஆசிரியர் ஆண்டைச் சொல்லவே இல்லை, பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. எத்தனை அழகாகக் கட்டியிருக்கிறார்!

நவம்பர் 28, வெள்ளி

சாவி தனியாக இல்லை.

பதினேழாம் அத்தியாயம் “நாலு நாள் கழித்து” என்று தொடங்குகிறது. பதினாலாம் அத்தியாயம் கார்த்திகைப் பௌர்ணமி என்பதில் சந்தேகமே இல்லை: திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்கத்தான் குடும்பமே போகிறது, புற்று வடிவ லிங்கத்தின் கவசத்தை எடுப்பது வருஷத்தில் அந்தப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்தான். பௌர்ணமியன்று பொழுது சாயும்போது நிலா எழும். பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் பிந்தும். நாலு நாள் கழித்து ஒன்பது மணியைத் தாண்டித்தான் எழ வேண்டும். நாவலிலோ ஏழு மணிக்கே முற்றம் நிறைய நிலா. நாலு பக்கமும் சுவர் உள்ள முற்றத்தில் நிலா நிறைய வேண்டுமென்றால் அது உச்சிக்கு அருகே இருந்தாக வேண்டும். பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் வைத்துப் பார்த்தால் ஏழு மணிக்குச் சரியாக அங்கேதான் இருக்கும்.

கிணற்றுக் கயிறும் அப்படியே. பன்னிரண்டில் அறுகிறது, பதினைந்தில் புதுக் கயிறு வாங்குகிறார்கள், பதினேழில் பழைய கயிறு முடிச்சோடு கிடக்கிறது.

பதினேழைத் தூக்கிப் பதினாலுக்கு முன்னால் வைத்தால் சாவி, நிலா, கயிறு மூன்றும் ஒரே அடியில் சரியாகிவிடுகின்றன. ஒரு முரண் என்றால் மறதி. ஒரே நகர்த்தலில் மூன்று தீர்ந்தால், அத்தியாயத்தை இடம் மாற்றியிருக்கிறார்கள். “நாலு நாள் கழித்து” என்பது பிறகு போட்ட ஒட்டு. மற்ற அத்தியாயங்கள் எதுவும் இப்படி நாள் கணக்கோடு தொடங்கவில்லை.

ஸ்பானிய நாவலாசிரியர் செர்வான்டிஸுக்கும் இது நடந்தது. 1605இல் டான் குவிக்ஸாட் நாவலின் முதல் அச்சில் வேலையாள் சாஞ்சோவின் கழுதை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறது. அதே வருஷம் இரண்டாம் அச்சில் திருட்டுக் காட்சியைச் செருகினார்கள், செருகிய இடமோ முந்திவிட்டது. கழுதை திருடுபோன பிறகும் சாஞ்சோ அதன்மேல் உட்கார்ந்து போகிறான். ஒட்டுப் போட்டவர்கள் பக்கத்துப் பத்திகளைத் திருத்தவில்லை. இங்கேயும் அதேதான்.

டிசம்பர் 4, வியாழன்

பௌர்ணமி. தேரடிப் பக்கம் நிற்க இடமில்லை.

டிசம்பர் 8, திங்கள்

ஏழு மணி. மொட்டை மாடி. கிழக்கே வெறும் இருட்டு. ஆசிரியரே முற்றத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிய நிலாதான் அது, வேறு நாளுக்கு உரியது.

டிசம்பர் 11, வியாழன்

இந்த நாவல் வார இதழில் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துப் பைண்டு செய்தது வண்ணாரப்பேட்டையில் ஒருவரிடம் இருக்கிறது. ஓரத்தை இறுக்கித் தைத்திருப்பதால் உள் ஓரத்துச் சொற்கள் மறைகின்றன, ஸ்கேலை வைத்து விரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. முற்றத்துக் காட்சி கோயிலுக்கு முந்தின வாரங்களில் வருகிறது. “நாலு நாள் கழித்து” கிடையாது. சாவி சரி. நிலா சரி.

கயிறு சரியாகவில்லை. தொடரில் அந்தக் காட்சி கயிறு அறுவதற்கும் முன்னால் இருக்கிறது, ஆனால் முடிச்சு அப்போதே விழுந்திருக்கிறது. அப்படியானால் இது வேறு கயிறு. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை கிணறு?