குளிர்காலத்தில் கடலைப் பார்க்கப் போன ஊர்கள்

எங்கள் ஊர், ராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபம் என்னும் ஊருக்கு அருகே, பாக் விரிகுடாவான வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது. மார்கழி பிறந்துவிட்டால் வாடை விடாமல் வீசும்; வீசும் நாட்களில் நாட்டுப் படகுகள் கரையேற்றப்பட்டு மணலில் கிடக்கும்; விடிகாலையில் வலைக்குவியலின் மேல் கை வைத்தால் நீரில் தோய்த்து எடுத்தது போல நனைந்திருக்கும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று அம்மா ஆண்டுதோறும் சொல்லித் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். அந்தப் பனி வெறும் ஈரம்தான். இந்தக் கரையில் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆனாலும் குளிர்காலம் என்றால் கடல் மாறும் காலம் என்பதை நான் கற்றது இங்கேதான். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வந்தது என்பதால், மார்கழிக் கடலைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

கப்பலில் எந்திரப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். விடுப்புக் கிடைத்த சில குளிர்காலங்களில், சேமிப்பைக் கொண்டு வட நாடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். குளிர்காலச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மலைகளையே மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோகன்னஸ் பாத்ருட் என்பவர், 1864ஆம் ஆண்டு கோடை முடிந்து ஊர் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தினர்களிடம், குளிர்காலத்திலும் வந்து பார்க்கும்படியும் பிடிக்காவிட்டால் பயணச் செலவைத் தாமே ஏற்பதாகவும் பந்தயம் கட்டினார் என்றும், ஆல்ப்ஸ் மலையின் குளிர்காலச் சுற்றுலா அதிலிருந்து தொடங்கியது என்றும் சொல்வார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் வரை 1912ஆம் ஆண்டு முதல் மலைக்குள் குடைந்த பாதையில் ரயில் ஓடுகிறது. நம் நாட்டிலேயே குல்மார்க்கில் கம்பிவடத் தொட்டியில் ஏறிப் பனிச்சரிவைப் பார்க்கலாம். அவை அழகான இடங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடற்கரையில் பிறந்த ஒருவன் குளிர்காலத்தின் முழு உருவத்தையும் காண வேண்டுமானால், குளிரும் கடலும் சந்திக்கும் ஊர்களுக்குத்தான் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது நார்வேயின் லொஃபோடென் தீவுகள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, 68 பாகை அட்சரேகையில், கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கும் கரும்பாறை மலைகளும் அவற்றின் அடியில் சிவப்புச் சாயம் பூசிய மரக் குடில்களுமாக அந்தத் தீவுகள் இருக்கின்றன. அந்தக் குடில்களை ரோர்பு என்கிறார்கள். வெளியூர்களிலிருந்து குளிர்கால மீன்பிடிப்புக்கு வந்தவர்கள் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் படுத்துறங்கிய நிலையை மாற்ற, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ஸ்டைன் அரசர் கட்டுவித்தவையே அவற்றுள் முதலானவை என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. இன்று அவற்றில் பலவும் பயணிகள் தங்கும் வீடுகளாகிவிட்டன.

இவ்வளவு வடக்கே இருந்தும் அங்கே கடல் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேயின் கரையை ஒட்டியே மேலேறுவதால், சனவரியில்கூட லொஃபோடெனின் சராசரி வெப்பம் சுழியப் பாகையை ஒட்டியே இருக்கிறது. ஏறத்தாழ அதே அட்சரேகையில் சைபீரியாவின் உட்பகுதியில் உள்ள வெர்கோயான்ஸ்கில் அந்த மாதத்தின் சராசரி சுழியத்துக்குக் கீழே 45 பாகை. ஒரு நீரோட்டம் இத்தனை பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. அந்த நீரோட்டத்தை நம்பியே, பேரண்ட்ஸ் கடலில் வளர்ந்த காட் மீன்கள் ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட இந்தத் தீவுகளின் உட்கடலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஊர் முழுவதும் அந்த மீனைச் சுற்றியே இயங்குகிறது.

முதல் முறை நான் போனது தவறான காலம். ஒரு பயண முகவர் சொன்னதை நம்பி டிசம்பர் கடைசியில் போனேன். அப்போது அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் பரவி அடங்கும். அந்த வெளிச்சமும் அழகுதான். ஆனால் மீன் காயவைக்கும் பந்தல்கள் மீன் இல்லாமல் வெறும் மரச்சட்டங்களாக நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பியது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அடுத்த முறை மார்ச் தொடக்கத்தில் போனேன். ஆள் உயரத்துக்கு மேலே கட்டிய மரப் பந்தல்களில், தலை நீக்கிக் குடல் எடுத்த மீன்களை வால் பக்கமாக இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்துக் கொம்புகளின் மேல் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை மீன்களே. காற்று அடிக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதிக் காய்ந்த பனையோலை உரசுவது போன்ற ஓசை கேட்டது. காற்று வந்து மோதும் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு, அந்த மணம் எங்கள் ஊர்க் கருவாட்டுக் களத்தை உடனே நினைவுக்குக் கொண்டுவந்தது.

அங்கிருந்தே கைப்பேசியில் அம்மாவை அழைத்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் மீனைக் கீறிக் கல்லுப்பு வைத்துத் தொட்டியில் ஊறவிட்டு, பிறகு மணலில் பழைய வலையை விரித்துக் காயவைப்பது வழக்கம்.

"ஏய்யா, உப்பு வைக்காமயா காயப் போட்டிருக்காக? நம்ம ஊருல ரெண்டே நாள்ல புழு வச்சிருமே" என்றார்.

"இந்தக் குளிருல ஈயே கிடையாதும்மா. காத்து ஒண்ணே போதும்ங்கிறாக."

அம்மா சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தலையையெல்லாம் என்ன செய்றாக?" என்று கேட்டார். தலைகளைத் தனியே கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றும், மீனின் நாக்கை அறுத்தெடுத்து விற்பது அவ்வூர்ப் பிள்ளைகள் கைச்செலவுக்குச் செய்யும் வேலை என்றும் சொன்னேன். எதையும் வீணாக்காத மனிதர்கள் என்று அம்மாவுக்கு அவர்கள்மேல் உடனே மதிப்பு வந்துவிட்டது.

அந்தக் கருவாட்டுக்குத் தேவையானது மிகச் சரியான குளிர். கடுங்குளிரானால் மீன் உறைந்து சதை சிதைந்துவிடும். வெப்பம் ஏறினால் பூச்சி வந்துவிடும். பிப்ரவரி முதல் மே வரை சுழியத்தை ஒட்டியே நிற்கும் வெப்பமும், இடைவிடாத கடற்காற்றும் சேர்ந்து கிடைப்பதால்தான் உப்பின்றி மீன் காய்கிறது; ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வெளியூர்களுக்குப் போய் விலைபெறும் பண்டமாக அது இருந்துவருகிறது; இன்று இத்தாலிவரை போகிறது. எனவே லொஃபோடெனுக்குப் போக விரும்புபவர்களுக்கு நான் சொல்வது, பிப்ரவரி கடைசி முதல் மார்ச் முடிய உள்ள நாட்களைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. அப்போது பகல் வெளிச்சமும் இருக்கும், மீனும் இருக்கும், வானம் தெளிந்தால் இரவில் வடதுருவ ஒளியும் தெரியும். அந்த ஒளிக்காக மட்டும் போகிறவர்கள் இன்னும் வடக்கே டிரோம்சோ நகரில் தங்கலாம். நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள ஆக்சிஜன் அணுக்கள் சூரியனிலிருந்து வரும் துகள்களால் கிளர்ந்து பச்சையாக ஒளிர்வதை நான் அங்கே நான்கு இரவுகளில் ஓர் இரவு மட்டுமே கண்டேன். மற்ற மூன்று இரவுகளும் மேகம்.

கடல் உறைவதை நான் கண்டது ஜப்பானில். ஹொக்கைடோ தீவின் வடகிழக்குக் கரையில் அபாஷிரி என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அதன் அட்சரேகை 44 பாகைதான். இத்தாலியின் வடபகுதிக்கு ஒப்பான இடம். இவ்வளவு தெற்கே கடற்பனி வந்து சேர்வதற்குக் காரணம் ஓர் ஆறு. ஆமூர் ஆறு கொண்டுவந்து கொட்டும் நன்னீர், ஓகோட்ஸ்க் கடலின் மேற்பரப்பில் உப்புக் குறைந்த ஓர் அடுக்காகப் படர்கிறது. சாதாரணமாகக் குளிர்ந்த கடல்நீர் கனமாகி ஆழத்துக்கு இறங்கும். கீழிருந்து வெதுவெதுப்பான நீர் மேலே வரும். அதனால் கடல் எளிதில் உறையாது. இங்கோ மேலே உள்ள நீர் இலேசானது என்பதால் குளிர்ந்தாலும் அடியில் உள்ள உப்பு நீரோடு கலக்காமல் அங்கேயே நின்று, சைபீரியக் காற்றுப் பட்டு உறைந்துவிடுகிறது. பிறகு அந்தப் பனிப்பாளங்கள் காற்றாலும் சகலின் தீவை ஒட்டி ஓடும் நீரோட்டத்தாலும் தெற்கே தள்ளப்பட்டு, சனவரி இறுதியில் அபாஷிரிக் கரையைத் தொடுகின்றன.

பனி உடைக்கும் பயணிகள் கப்பல் அங்கிருந்து புறப்படுகிறது, ஏறிப் பார்த்தேன். முன்பகுதி பாளத்தின் மேல் ஏறி, தன் கனத்தால் அதை முறித்து இறங்கும்போது காலடியில் தகடு அதிர்ந்ததை எந்திரக்காரனாக ரசித்தேன். ஆனால் என் மனத்தில் நின்றது அதற்கு முந்திய நாள் மாலை. விடுதியிலிருந்து கரைக்கு நடந்தேன். கடல் முழுவதும் வெள்ளைப் பாளங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. சிறிது நேரம் கழித்துத்தான் என்ன குறைகிறது என்று விளங்கியது: அலை ஓசை இல்லை. பிறந்த நாள் முதல் தூக்கத்திலும் கேட்டுப் பழகிய ஓசை அது. கடலின் முன் நின்றும் அதைக் கேளாதது எனக்குப் பயமாகவே இருந்தது. இருட்டிய பிறகு பாளங்கள் ஒன்றையொன்று நெரித்து எழுப்பிய முனகலைக் கேட்ட போதுதான் கடல் அங்கேயே இருக்கிறது என்று மனம் அமைந்தது. அந்தப் பனியோடு வரும் நுண்ணுயிர்களே வசந்தத்தில் மீன்வளத்துக்கு அடிப்படை என்பதால் அங்குள்ள மீனவர்கள் அதன் வரவை எதிர்நோக்குகிறார்கள். பனியின் அளவு முன்பைவிடக் குறைந்துவருவது அவர்களுக்குப் பெரிய கவலை. அருகிலுள்ள ஷிரெடோகோ தீபகற்பம் 2005ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது; நேரம் உள்ளவர்கள் அங்கும் போய்ப் பனிப்பாளங்களில் அமரும் பெரிய கடற்கழுகுகளைப் பார்க்கலாம்.

பின்லாந்தின் ஓவுலு நகருக்கு அருகே, ஹைலுவோட்டோ தீவுக்குக் கடும் குளிர்காலங்களில் உறைந்த கடலின் மேலேயே வண்டிப் பாதை திறக்கிறார்கள். பாதையில் ஒரு நாள் போனேன். உப்பு லிட்டருக்கு மூன்று கிராம் அளவே உள்ள கடல் என்பதால் அங்கே பனி தடிமனாகப் படிகிறது. மிதமான குளிர் உள்ள ஆண்டுகளில் பாதை திறக்கப்படுவதே இல்லை; எனவே அதை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். கருமணலும் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறையும் படங்களில் மயக்கும். ஆனால் அமைதியாக இருப்பது போலத் தோன்றிய கடலிலிருந்து திடீரென ஓர் அலை கரையேறி ஆளை இழுத்துச் செல்லும் இடம் அது, உயிர்கள் போயிருக்கின்றன. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரில் இறங்காதே என்று எங்கள் ஊரில் பிள்ளைகளைத் தடுப்பது போலவே அங்கும் எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

இவ்வளவு தொலைவு போக வாய்ப்பில்லாதவர்களுக்கு எங்கள் கரையே தகுந்த குளிர்கால இடம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். அபாஷிரியில் கடல் அடங்குகிறது என்றால் இங்கே இரண்டு கடல்கள் தங்கள் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. அமைதியானது என்பதால் பெண்கடல் என்று அழைக்கப்படும் வடகடல் வாடைக் காலத்தில் கலங்கிக் கொந்தளிக்கும். ஆண்கடல் எனப்படும் தென்கடல் கண்ணாடி போலக் கிடக்கும். தனுஷ்கோடிச் சாலையில் சில நூறு மீட்டர் அகலமே உள்ள நிலத்தின் நடுவில் நின்று இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய தேங்குநீர்ப் பரப்பில் பூநாரைகள் வந்திறங்கும் காலமும் அதுதான். தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் விட்டு, சேற்றை வடிகட்டி உண்டபடியே அவை மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. 2025ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்திருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த செய்தி. உள்நாட்டுப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் மழை நின்று நீர் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும். தொண்டிக்கு அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் படகில் போகலாம்.

தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வாருங்கள். இரவில் தனுஷ்கோடிக்கு அனுமதி இல்லை என்பதால், முதல் நாளே ராமேசுவரத்தில் தங்கி, காலையில் சாலை திறந்ததும் கிளம்பிவிடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் கண்கூசும் ஒளியில் பறவைகள் சரியாகத் தெரியாது. வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்தே பாருங்கள். நீருக்குள் பத்தடி இறங்கினாலும் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். மீண்டும் அங்கே இறங்கி மேய அவற்றுக்கு நெடுநேரம் பிடிக்கிறது.