கொடி ரத்த ரிப்போர்ட்டில் 7.10

மகள் பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவள் பேரில் தொப்புள் கொடி ரத்தத்தின் லேப் ரிப்போர்ட் ஒன்று வந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டுத்தாள். அதில் பிஹெச், அதாவது ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் எண், 7.10. எண் குறையக் குறைய அமிலம் அதிகம். மச்சான் உடனே போனைத் தட்டி, "நார்மல் 7.35ல இருந்து 7.45 மாமா, இது ரொம்பக் கம்மி" என்றான். அதோடு வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. மாமியார் மட்டும், "தொப்புள் கொடி ரத்தமா? அந்த ஸ்டெம் செல் பேங்க்காரங்களுக்கா எடுத்தாங்க, மாப்பிள்ளை?" என்று கேட்டார். சென்னையில் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்தே அந்த பேங்க் ஆட்களின் போன் ஓய்வதில்லை, அதனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இது சேமிப்பு இல்லை, பரிசோதனை. பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் சரியாகக் கிடைத்ததா என்று பார்ப்பது.

எல்லாக் குழந்தைக்கும் இதை எடுப்பதில்லை. எங்களுக்கு, வலி வரும்போதெல்லாம் சிடிஜியில் (வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் கருவி) இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. தலையில் உறிஞ்சு கிண்ணம் பொருத்தி இழுக்கும் வாக்யூம் வைத்துக் குழந்தையை எடுத்தார்கள். நான் லேபர் ரூமுக்குள்தான் இருந்தேன். கொடியில் ஒரு சாண் அளவுக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, நடுத்துண்டை வெட்டி ட்ரேயில் வைத்தார் நர்ஸ். குழந்தையைக் கவனித்து முடிக்கும்வரை அது அங்கேயே கிடந்தது. ரத்தம் கெட்டுவிடாதா என்று எனக்கு ஒரே கவலை. இரண்டு பக்கமும் அடைத்திருப்பதால் ஒரு மணி நேரம்வரை சாதாரண அறை வெப்பத்தில் வைத்து எடுக்கலாமாம். அப்புறம் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து போட்ட சிரிஞ்சுகளில் தனித்தனியாக இரண்டு மாதிரி எடுத்தார். காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு, சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே போனார். குழந்தைக்கு ஊசி எதுவும் கிடையாது.

ஏன் இரண்டு மாதிரி என்பதைக் குழந்தை மருத்துவர் விளக்கினார். கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. தமனி என்றால் நல்ல ரத்தம் என்று பள்ளியில் படித்தோமே, இங்கே அது தலைகீழ். நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனோடு குழந்தைக்கு வருவது சிரை. குழந்தை பயன்படுத்திய ரத்தத்தைத் திருப்பி அனுப்புவது தமனி. அதனால் குழந்தையின் நிலையைச் சொல்வது தமனி ரத்தம்தான். தமனி மெல்லியது, ஊசி தவறிச் சிரைக்குள் போய்விடலாம். இரண்டு ரிப்போர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால் ஒரே குழாயில் இரண்டு முறை எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு சிரையில் 7.21, தமனியில் 7.10. சரியாகவே எடுத்திருந்தார்கள்.

மச்சான் சொன்ன 7.35 கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு. எந்தச் சிக்கலும் இல்லாத பிரசவத்திலேயே கொடித் தமனியில் 7.2, 7.3 என்றுதான் இருக்குமாம். எங்களுடையது அதைவிடக் குறைவுதான், ஆனால் மருத்துவர் பிஹெச்சைப் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை. கீழே இருந்த இரண்டு எண்களில் விரலை வைத்தார்: கார்பன் டை ஆக்சைடு 70, பேஸ் எக்ஸஸ் மைனஸ் 8. மெஷின் மைனஸ் 8 என்று அச்சடிப்பதைத்தான் அவர்கள் பேஸ் டெஃபிசிட் 8 என்கிறார்கள். அமிலத்தைச் சமன் செய்யும் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற கணக்கு அது. தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் மூச்சடக்கி இருப்பதைப் போல, கொடி சிறிது நேரம் அழுந்தினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி பிஹெச் இறங்கும். குழந்தை நன்றாக அழுதாலே அது வெளியேறிவிடும். ஆக்சிஜன் பற்றாக்குறை நீண்டுவிட்டால்தான் திசுக்களில் லாக்டிக் அமிலம் சேர்ந்து பேஸ் டெஃபிசிட் ஏறும். பிஹெச் 7.0க்குக் கீழே, டெஃபிசிட் 12 அல்லது அதற்கு மேல் என்றால்தான் மூளை பாதித்திருக்குமோ என்று தீவிரமாகப் பார்ப்பார்களாம். எங்களுக்கு இரண்டு எண்ணும் அந்த எல்லையைத் தொடவில்லை. அப்போதும் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். குழந்தை துவண்டு கிடக்கிறதா, வலிப்பு வருகிறதா, பால் உறிஞ்சும் அனிச்சைச் செயல் இருக்கிறதா என்று எல்லாம் பார்ப்பார்கள். பாதிப்பு என்று உறுதியானால் உடல் வெப்பத்தை 33, 34 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து 72 மணி நேரம் வைக்கும் சிகிச்சை உண்டு, அதைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இவ்வளவு அவசரமாக ரத்தத்தை எடுத்துப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மகளுக்கு அப்கார், அதாவது பிறந்ததும் மூச்சு, துடிப்பு, நிறம் எல்லாம் பார்த்துப் பத்துக்குப் போடும் மதிப்பெண், முதல் நிமிடத்தில் 6, ஐந்தாவது நிமிடத்தில் 8. ஒரு ராத்திரி பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவில் வைத்துப் பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் பிஹெச் 7.34.

டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் ஒரு தகராறு. "பெர்த் அஸ்ஃபிக்ஸியா, கார்ட் பிஹெச் 7.10" என்று ஒரே வரியில் அடித்துவைத்திருந்தார்கள். பெர்த் அஸ்ஃபிக்ஸியா என்றால் பிறக்கும்போது ஆக்சிஜன் இல்லாமல் குழந்தை பாதிக்கப்பட்டது என்று அர்த்தம். மருத்துவர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டைப் செய்பவர், "எப்பவும் இப்படித்தான் சார் போடுவோம்" என்றார். நாளைக்கு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள், நான் எப்படி விடுவது? மருத்துவரையே கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, தமனி, சிரை இரண்டின் எண்களையும் பேஸ் டெஃபிசிட்டையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, அந்தத் துண்டுத்தாள் தெர்மல் பேப்பர், நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். கையில் கிடைத்ததுமே போட்டோ எடுத்துவிடுங்கள்.