ஜெல்லி உருண்டை விழுங்கினால் எக்ஸ்ரேயை நம்பிக் கிளம்பாதீர்கள்

தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் அந்தக் கலர் ஜெல்லி உருண்டையைக் குழந்தை விழுங்கிவிட்டால், "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்ற பேச்சைக் கேட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எங்களை அப்படித்தான் அனுப்பி வைத்தார்கள்.

பொருட்காட்சியில் மூத்தவனுக்கு வாங்கிய பாக்கெட். "பாப்பா பச்சை ஒண்ணு சாப்பிட்டாப்பா" என்று அவன்தான் வந்து சொன்னான். பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம்.

அங்கே டியூட்டி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "காசு, பேட்டரி எதுவும் தெரியல சார். மோஷன்ல வந்துடும், வாழைப்பழம் குடுங்க" என்றார். இது உலோகம் இல்லை, தண்ணீரை உறிஞ்சும் பொருள் என்று சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் வகையைச் சேர்ந்ததுதான் இதுவும். ஊறிய பிறகு பெரும்பகுதி வெறும் தண்ணீர், அப்புறம் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும்? ஊறுவதும் உடனே நடக்காது, பல மணி நேரம் பிடிக்கும். விழுங்கிய அன்று விளையாடுகிற பிள்ளை மறுநாள் குடல் அடைபட்டுத் துடிக்கலாம்.

இரவில் வாந்தி. இரண்டாவது ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஆனால் ஸ்கேன் கவுண்டரில், "சீட்டுல எக்ஸ்ரேன்னுதான் இருக்கு, வயிறு ஸ்கேன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிவிட்டார்கள். திரும்பி மாடி ஏறினால் டாக்டர் ஷிப்ட் மாறிவிட்டார். புது டாக்டரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கையில் பிள்ளை, தோளில் பை, வாயில் வராத கெட்ட வார்த்தைகள்.

காரியத்தைச் சாதித்தது என் மனைவிதான். கிளம்பும் முன்பே அதே பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டு, மூடி எடுத்து வந்திருந்தாள். மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்து ஸ்கேலால் அளந்து பார்த்தார். அடுத்த நிமிடம் அவரே ஸ்கேன் அறைக்குப் போன் போட்டார். சீட்டு, கவுண்டர் எல்லாம் அதோடு சரி.

ஸ்கேனில் சிறுகுடலில் கறுப்பாக ஓர் உருண்டை. வாய்வழி எதுவும் கொடுக்காமல் டிரிப்ஸ் ஏற்றி, மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்து, நகர்கிறதா என்று பார்த்தார்கள். நகராவிட்டால் ஆபரேஷன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் டயப்பரில் பச்சைத் துண்டுகளாக வந்து விழுந்தது. நர்ஸ் அக்கா "வந்துருச்சு சார்!" என்று கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர்களும் எழுந்துவிட்டார்கள்.

காத்திருந்த நேரத்தில் போனில் படித்தது: அமெரிக்காவில் 10 மாதக் குழந்தை ஒன்று இதை விழுங்கி இறந்த பிறகு, 2023 செப்டம்பரில் ஒரே நிறுவனத்தின் சுமார் 52,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். நம் ஊரிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். எங்கள் பாக்கெட்டிலோ முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. ஓரத்தில் 'செடிகளுக்கான ஜெல்' என்று பொடி எழுத்து மட்டும். பொம்மைக் கடையில் தொங்கும் செடிச் சாமான்!

பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சீட்டில் வயிறு ஸ்கேன் என்று எழுதியிருக்கிறதா என்று டாக்டர் முன்னாலேயே படித்துப் பாருங்கள். வாந்தி பச்சையாக வந்தாலோ வயிறு உப்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை இந்த உருண்டையைக் காதுக்குள் போட்டுக்கொண்டால் தண்ணீரோ சொட்டு மருந்தோ விடவே கூடாது, அதிலும் ஊறும்; நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். மிச்சமிருப்பதைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.