லீவு கேட்டு அம்மா போன் செய்தால்

புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு லீவு கேட்டு அவருடைய அம்மா மேனேஜருக்குப் போன் செய்கிறார். "அப்படிங்களா, பார்க்கிறேன்" என்று இழுத்தால் போச்சு. அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

"அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. லீவு, சம்பளம், வேலை எல்லாம் அவரிடம் மட்டும்தான் பேச முடியும். அவரையே கூப்பிடச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். காரணம் விளக்க ஆரம்பித்தால் பேரம் தொடங்கிவிடும். பிள்ளையைப் பாராட்டிக்கூடப் பேசாதீர்கள். இன்று நிறையைச் சொன்னால் நாளை குறையையும் கேட்பார்கள்.

விபத்து, ஆஸ்பத்திரி என்றால் தகவலை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு எதையும் வாக்குக் கொடுக்காமல். 18 வயது நிரம்பாதவர் என்றால் சட்டம் வேறு. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அன்றே அந்த ஊழியரைத் தனியாக அழைத்து 5 நிமிடம் பேசுங்கள். வீட்டிலிருந்து போன் வந்ததே தெரியாமல் இருந்திருக்கலாம், கேட்டதும் கூசிப்போவார். திட்ட வேண்டாம். லீவுக்கு யாருக்கு மெயில் போட வேண்டும், எத்தனை மணிக்குள், திடீரென்று உடம்பு முடியாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுங்கள். கேட்கும் முறை தெரியாமலும் சிலர் அம்மாவை முன்னால் விடுவார்கள். டீமில் யாரும் இதைக் கிண்டலாக்க விடாதீர்கள்.

மேனேஜர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. ஆள் போனை எடுக்கவில்லை என்றதும், அவசரத்துக்கென்று கொடுத்த அப்பாவின் எண்ணுக்கு அடித்து "ரிப்போர்ட் இன்னும் வரவில்லை" என்பார்கள். பிறகு அப்பா கூப்பிடாமல் என்ன செய்வார்?